மண்ணும் மருந்தும்

நாகர்கோவில் என்ற பெயருக்கே காரணமான நாகராசா கோயில், கோட்டாற்றை அடுத்து நிற்கிறது. அங்கே பிரசாதமாகத் தருவது கருவறை மண். ஆறு திங்கள் கறுப்பு, ஆறு திங்கள் வெளுப்பு என நிறம் மாறுமாம். தோல் நோயைத் தீர்க்குமாம். மன்னன் ஒருவன் பிணியே அங்கு அகன்றது என்பது மரபுக்கதை. தூண்களிலோ பார்சுவநாதரும் மகாவீரரும் காட்சி தருகின்றனர்! குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் எனும் சமண ஆசான்கள் பெற்ற கொடையை 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கோயிலின் சமயம் மாறிற்று. மண்ணின் மகிமை மட்டும் மாறவில்லையாம்!

"எல்லா மருந்துக்கும் விஞ்ஞான விளக்கம் உண்டோ?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றே நாம் விடையிறுப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையிலே வளரும் நீரடிமுத்தின் எண்ணெயை நம் வைத்தியர்கள் தொழுநோய்க்குத் தந்தனர். அந்நோயின் கிருமியை ஆன்சன் கண்டதோ 1873இல்தான்! விளக்கம் வருமுன்னரே மருந்து வந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த சால்முக்ரா எண்ணெயை, ஊசி வழியே செலுத்தத்தக்கதாக 1915-16இல் ஹவாயிலே ஆக்கித் தந்தவர், ஆலிஸ் பால் எனும் 23 வயது நங்கை. 1941இல் அமெரிக்காவிலே புரோமின் எனும் சல்போன் மருந்து நல்ல பயன் காட்டிற்று. எண்ணெய் வழிவிட்டது.

மண்ணுக்கும் எண்ணெய்க்கும் உள்ள வேற்றுமை இதுதான். எண்ணெய் சோதனைக்கு உட்பட்டது. சிறந்தது வந்ததும் விலகிற்று. மண் சோதனைக்கே வரவில்லை, ஆகவே தோற்கவுமில்லை!

நாம் விளக்கம் கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம். பூசியோர் எத்தனை பேர்? தேறியோர் எத்தனை பேர்? பூசாமலே தேறியோர் எத்தனை பேர்? இக்கணக்குக் காட்டாமல், மண்ணிலே கந்தகம் உண்டு, உப்பு உண்டு என்று விஞ்ஞானச் சாயம் பூசுவது, பிறவாத பிள்ளைக்குப் பெயர் சூட்டுவதாகும்.

"ஆறுதல் தருகிறதே, போதாதா?" என்பாரும் உளர். தொழுநோய் காத்திருப்பதில்லை, தோழர்களே! உணர்ச்சியற்ற தேமலோடு தொடங்கி, நரம்பைத் தின்று, விரலை முடக்கும். காலத்தே கண்டால், வகைக்கேற்ப 6 அல்லது 12 திங்கள் கூட்டு மருந்து போதும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். ஆறுதலை நம்பி இழந்த திங்கள்களுக்கு விரல்களே விலை!

ஆகவே, பழையது என்பதற்காகப் பழிக்கவும் வேண்டா, பணியவும் வேண்டா. சோதித்துப் பார்ப்போம். தேமல் கண்டவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.