மார்க் குறைஞ்சவங்க குரூப்

புதுச்சேரிக்குன்னு தனிக் கல்வி வாரியம் இருந்ததில்லை. 1978-ல தமிழ்நாட்டுல பிளஸ் டூவோட வந்த தொழிற்கல்விப் பிரிவுதான் புதுவை டவுன் அரசுப் பள்ளிகளுக்கும் வந்தது. வேளாண்மையும் அதுல ஒரு பாடம்.

1995-க்குள்ள மேல்நிலை மாணவர்கள்ல 25 சதவீதம் பேரை இந்தப் பக்கம் திருப்பணும்னு 1986 தேசியக் கல்விக் கொள்கை இலக்கு வச்சது. நாடு அதை எட்டவே இல்லை.

கோளாறு பாடத்துல இல்லை, சேர்க்கையில. பத்தாவதுல மார்க் வாங்கினா சயின்ஸ், குறைஞ்சா தொழிற்கல்வி. அப்புறம் ரிசல்ட்டைப் பார்த்து ‘அந்த குரூப்பே மட்டம்’னு பேச்சு. கடைமடைக்குத் தண்ணி விடாம, விளைச்சலை மட்டும் தலைமடையோட ஒப்பிடுற கதை.

2024-25-ல புதுவை அரசுப் பள்ளிகள் முழுசா சிபிஎஸ்இக்கு மாறிடுச்சு. அங்கே இதுக்குப் பேரு திறன் பாடம். பேரு மாறினா போதுமா? நல்லா படிக்கிற உங்க புள்ள வேளாண்மை படிக்கிறேன்னா, சேர்த்துவிடுவீங்களா?