பெயரை மறைத்த சோதனை

பெயரைக் கேட்டதுமே பொருளின் தரத்தை முடிவு செய்து விடுகிறோம் அல்லவா? 1976 மே 24 அன்று பாரிசில் நடந்ததைப் பாருங்கள். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய மது வணிகர், பத்து இளம் சிவப்பு ஒயின்களைப் பெயர் மறைத்து, ஒன்பது பிரெஞ்சு வல்லுநர்களிடம் அளித்தார். நான்கு பிரான்சின் போர்தோ பகுதியில் விளைந்தவை. ஆறு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் விளைந்தவை. ஒவ்வொன்றுக்கும் 20க்கு மதிப்பெண். முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப்! புகழ்பெற்ற மூத்தோன் ரோத்ஷில்டு இரண்டாமிடமே பெற்றது.

"போர்தோ ஒயின் முதிர்ந்த பின்னரே சிறக்கும்" என்று மறுப்பு எழுந்தது. இதில் நியாயம் உண்டு. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் இளம் ஒயினில் துவர்க்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அத்துவர்ப்பு தணியும். எனவே 2006இல் அதே ஒயின்களை மீண்டும் சுவைத்தனர். முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே!

பெயரை மறைத்தால்தான் நாக்கு நடுநிலையோடு தீர்ப்புக் கூறும்.