திறந்தால் மட்டுமே தெரியும் எழுத்துகள்: ஹார்டி ரீல்களின் உட்புற வரலாறு

ஹார்டி சகோதரர்கள் நிறுவனம் செய்த பழைய 'பெர்ஃபெக்ட்' வகைத் தூண்டில் ரீல்கள் பலவற்றின் உட்புறத்தில் ஓரிரு எழுத்துகள் உலோகத்தில் குத்தப்பட்டிருக்கும். வெளித்தகட்டில் நிறுவனத்தின் பெயரும் ஊரும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்க, இவ்வெழுத்துகள் மட்டும் உருளையைக் கழற்றினாலன்றிக் கண்ணில் படா. அவை அந்த ரீலைப் பொருத்தி முடித்த தொழிலாளியின் பெயர் முதலெழுத்துகள். வாங்குபவருக்கு அவை தேவையற்றவை. எண்ணெய் இடுவதற்காக ரீலைத் திறப்பவர் மட்டுமே அத்தொழிலாளியை அறிகிறார்.

ஃபிளை ஃபிஷிங் முறையில் இறகும் நூலும் கொண்டு கட்டிய போலிப் பூச்சியே இரை. அதற்கு எடை கிடையாது. வீசுவதற்கு வேண்டிய எடை தூண்டில் கயிற்றிலேயே உள்ளது. எனவே வீச்சில் ரீலுக்குப் பங்கில்லை. கயிற்றைச் சுற்றி வைக்கும் கலம் என்ற அளவிலேயே அது நிற்கிறது. பெரிய மீன் சிக்கி ஓடத் தொடங்கும்போதுதான் அதன் தரம் வெளிப்படும். மீன் இழுக்கும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றுவிட்டால் கயிறு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மீனும் அறுத்துக்கொண்டு போய்விடும்.

இக்கருவி பழையது. சீன ஓவியர் மா யுவான் 1195ஐ ஒட்டி வரைந்ததாகக் கருதப்படும் ஓவியம் ஒன்றிலேயே தூண்டிற்கோலில் சிறு சக்கரம் உண்டு. ஆங்கிலத்திலோ 17ஆம் நூற்றாண்டு வரை அதற்கு நிலைத்த பெயர் இல்லை. தாமஸ் பார்க்கர் 1651இல் 'விண்ட்' என்கிறார். ஐசக் வால்டன் தம் நூலின் 1655ஆம் ஆண்டுப் பதிப்பில் 'வீல்' என்கிறார். பின்னர் 'விஞ்ச்' என்பது நெடுங்காலம் வழங்கியது. இறுதியில் வென்ற 'ரீல்', நூல் சுற்றுவோரின் தறிவீட்டுச் சொல். மீனவர் கருவிக்கு நெசவாளர் பெயர் வைத்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சார்லஸ் ஆர்விஸ் 1874இல் காப்புரிமை பெற்ற ரீலின் பக்கத்தகடுகள் முழுவதும் துளைகள். எடையைக் குறைப்பதோடு ஈரக்கயிற்றுக்குக் காற்றுப் படச் செய்வதும் அவற்றின் பயன். அக்காலத்தில் நல்ல கயிறு என்பது எண்ணெய் ஊட்டிய பட்டுக்கயிறு. ஈரத்தோடு ரீலிலேயே விட்டுவைத்தால் அது மக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு நாள் மீன்பிடிப்புக்குப் பின்னும் கயிற்றை முழுவதும் உருவி, மரச்சட்டத்தில் சுற்றி உலர்த்தினர். மிதப்பதற்காக மறுநாள் கொழுப்புத் தடவினர். இன்று 'பராமரிப்பு' என்று தனித்துப் பேசப்படுவது அன்று மீன்பிடித்தலின் பாதி. பிளாஸ்டிக் பூசிய கயிறுகள் 1950களில் வந்தபின் இப்பழக்கம் மறைந்தது. அதே எடையில் புதிய கயிறு பட்டைவிடப் பருமன் மிக்கது. குறுகிய பழைய உருளையில் அது முழுதாக அடங்குவதில்லை. பழைய ரீல் ஒன்றைப் பயன்படுத்த முனையும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே.

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பகுதியில் உள்ள ஆனிக் என்னும் சிற்றூரில் வில்லியம் ஹார்டி 1872இல் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கியதே ஹார்டி நிறுவனம். ஃபார்ஸ்டர் ஹார்டியின் 1888ஆம் ஆண்டுக் காப்புரிமையிலிருந்து வளர்ந்தது பெர்ஃபெக்ட். உருளை எஃகு மணிகளின் மேல் சுழல்வது அதன் தனிச்சிறப்பு. தொடக்கத்தில் முழுப் பித்தளையால் ஆனது. அலுமினியம் மலிந்தபின் இலகுவாயிற்று. உள்ளே ஒரு பற்சக்கரமும், வில்லால் அழுத்தப்பட்டு அதன் பற்களிடையே விழுந்தெழும் ஓர் உலோக நாக்கும் இருக்கும். உருளையின் ஓட்டத்தை மட்டுப்படுத்துவது அந்நாக்கு. ரீலுக்குரிய கரகரப்பொலியும் அதிலிருந்தே எழுகிறது.

இவ்வமைப்பு வேண்டுவது அதிகமில்லை. மணிகளுக்குச் சில துளி மெல்லிய எண்ணெய், பற்சக்கரத்திற்குச் சிறிது கிரீஸ், அவ்வளவே. பல்லாண்டுப் பழைய கிரீஸ் அரக்குபோல் இறுகியிருந்தால் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். திருகுகளின் வெட்டு மிகக் குறுகியது. பொருந்தாத திருப்புளி ஒரே முறையில் அதைச் சிதைத்துவிடும்.

உண்மையான சேதம் அக்கறையின் பெயரால் நிகழ்கிறது. வெயிலில் மின்னி மீனை விரட்டாதிருக்கும் பொருட்டு ரீல்களுக்கு ஈயப்பூச்சு எனப்படும் மங்கிய கருஞ்சாம்பல் மெருகு தரப்பட்டது. கை பட்ட இடங்களிலும் விளிம்புகளிலும் அது தேய்ந்து உலோகம் வெளித்தெரியும். எந்த விரல் எங்கே அமர்ந்தது, ரீல் எப்பக்கம் சாய்த்து வைக்கப்பட்டது என்பதெல்லாம் அத்தேய்மானத்தில் பதிவாகிறது. மெருகுச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கினால் அரை மணி நேரத்தில் அது போய்விடும். செய்தவர் விரும்பாத பளபளப்பு எஞ்சும். மாறாக, ரீலின் பாதம் அரத்தால் ராவப்பட்டிருப்பதைச் சேகரிப்பாளர் குறையாகக் கருதி விலையைக் குறைக்கின்றனர். அன்று கோல்களின் பொருத்துமிடம் ஒரே அளவாக இருந்ததில்லை. யாரோ தம் கோலுக்கு ஏற்ப ராவிக்கொண்டார். சந்தைக்கு அது ஊனம். ஆய்வாளருக்கோ, அந்த ரீல் அலமாரியில் உறங்காமல் ஆற்றுக்குச் சென்றதற்கான சான்று. இவ்விரு மதிப்பீடுகளில் முன்னதே மேலோங்கியிருப்பது வருந்தத்தக்கது. பழுதில்லாத ரீலைப் பாராட்டுவது பெரும்பாலும் பயன்படுத்தப்படாத ரீலைப் பாராட்டுவதாகவே முடிகிறது.

ஜான் ட்ரூவெட் 1873 முதல் 1939 வரையிலான ஹார்டி ரீல்களைப் பற்றி எழுதிய பெருநூலின் தலைப்பில் முதலாளிகளுக்கும் ரீல்களுக்கும் நடுவே தொழிலாளருக்கும் ஒரு சொல் இடம்பெற்றுள்ளது. அத்தொழிலாளரில் பலர் தம் வேலையில் விட்டுச்சென்ற கையொப்பம், சட்டகத்தின் உட்புறத்தில் இறுகிய கிரீஸுக்கு அடியில் உள்ள அந்த ஓரிரு எழுத்துகளே. அதைத் துடைக்க மண்ணெண்ணெய் நனைத்த துணி போதும், உப்புத்தாள் கூடாது.