ஏழு சரக்குப் பொடி

டோக்கியோவில் வேலை பார்க்கும் என் தம்பி பிள்ளை, சென்ற முறை வந்தபோது சிறிய தகர டப்பா ஒன்றைக் கொடுத்தான். "பெரியப்பா, இது ஜப்பான்ல போட்டுக்கிற மிளகாய்ப்பொடி. மீன் கீன் ஒண்ணும் இதுல கிடையாது" என்றான். ரசாயனம் படித்தவனுக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. பூதக்கண்ணாடியும் புத்தகமுமாக உட்கார்ந்துவிட்டேன்.

பொடியின் பெயர் 'ஷிசிமி தோகராஷி'. ஏழு சுவை மிளகாய் என்று பொருள். இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரம் 1603 முதல் டோகுகவா ஆட்சியின் தலைநகராக இருந்தது. அங்கே யாகென்போரி என்ற பேட்டையில் வைத்தியர்களும் மருந்துச் சரக்கு வியாபாரிகளும் வசித்தார்கள். 'யாகென்' என்பது மருந்து அரைக்கும் படகு வடிவக் கருவி, நம் நாட்டு மருந்துக் கடைக் கல்வம் மாதிரி. 1625ஆம் ஆண்டு அங்கே தோகுஎமோன் என்பவர் இந்தப் பொடியை விற்க ஆரம்பித்தார். பச்சையாகக் காய்ந்த மிளகாய், வறுத்த மிளகாய், கருப்பு எள், கசகசா, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், 'சன்ஷோ' என்ற நாக்கை மரக்க வைக்கும் காய், கஞ்சாச் செடி விதை (பயப்பட வேண்டாம், விதையில் போதை இல்லை) ஆகியவையே அந்த ஏழு. பாதிக்கு மேல் மருந்துச் சரக்கு. ஆனால் 'சோபா' என்ற சேமியாவின் மேல் தூவிச் சாப்பிட்டவர்களுக்கு ருசி பிடித்துவிட்டது. (வட இந்திய அங்கத்தினர்கள் நவராத்திரி உபவாசத்தில் சாப்பிடும் 'குட்டு' தானியத்தில்தான் சோபா செய்கிறார்கள்.) பிறகு கியோட்டோவில் கியோமிசு கோயிலுக்குப் போகும் வழியிலும், 1736இல் நாகானோ நகரின் ஜென்கோஜி கோயிலருகிலும் இத்தகைய கடைகள் தோன்றின. யாத்திரை போனவர்கள் பொட்டலம் வாங்கித் திரும்பியதால் பொடி நாடெங்கும் பரவியது. கடைக்குக் கடை சரக்கு மாறும், ஏழு என்ற கணக்கு மாறாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், முக்கியச் சரக்கான மிளகாய் ஜப்பானுடையதே அல்ல. கொலம்பஸ் 1492இல் போய்ச் சேர்ந்த அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்தது. போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள் என்றும், 1592-98 கொரியப் படையெடுப்பின்போது வந்தது என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள். 'கராஷி' என்பது அவர்களுடைய பழைய கடுகு. 'தோ' என்றால் சீனம், அதாவது அயல்நாடு. ஆக, புதிய காரத்துக்குப் பழைய காரத்தின் பெயரையே வைத்தார்கள். நாமும் அதைத்தான் செய்தோம். மிளகு போன்ற காய், மிளகாய்!

இட்லிக்கு மிளகாய்ப்பொடி ஆதிகாலம் தொட்டு இருப்பதாக நாம் நினைக்கிறோம். போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தது 1510இல். நம் நாட்டு மிளகாயின் சரித்திரம் அதன் பிறகுதான். நம் அகங்களிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சிராத்த சமையலில் இன்றும் மிளகாய் கிடையாது, மிளகுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும்கூடச் சேர்ப்பதில்லை. அவையும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. "இதெல்லாம் சீமைக் காய்" என்று என் தாயார் சொல்வார். அப்போது அதை வெறும் ஆசாரம் என்றே நினைத்தேன்.

வீட்டிலேயே செய்து பார்த்தேன். நான்கு மிளகாய் வற்றலில் இரண்டை மட்டும் வறுத்து, நான்கையும் சேர்த்துக் கரகரப்பாகப் பொடிக்கவும். வறுத்த கருப்பு எள் இரண்டு டீஸ்பூன், கசகசா ஒரு டீஸ்பூன், நிழலில் உலர்த்திப் பொடித்த ஆரஞ்சுத் தோல் ஒரு டீஸ்பூன். சன்ஷோவுக்குப் பதில் மும்பை அன்பர்களுக்குக் கொங்கணத்துத் 'திர்பல்', டேராடூன் அன்பர்களுக்குத் 'திமூர்' கிடைக்கும். இரண்டும் சன்ஷோவின் தாயாதிகள். உள்ளே இருக்கும் கருப்பு விதையை எறிந்துவிட்டு, ஓட்டை மட்டும் அரை டீஸ்பூன் பொடித்துச் சேர்க்கவும். கஞ்சா விதையை நான் சேர்க்கவில்லை, ஆறே சரக்குதான். கசகசா இருப்பதால் துபாய் போகும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். அங்கே அதற்குத் தடை உண்டு. ஜப்பானில் சோபா சாப்பிடுகிறவர்கள் குழம்பை விசாரித்துக்கொள்ளவும். பொடி சைவமானாலும் குழம்பு பெரும்பாலும் மீன் சாறு.

கொஞ்சமாகச் செய்து, காற்றுப் புகாமல் மூடி வைக்கவும். ஆரஞ்சுத் தோலின் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும், எள் சிக்கு வாசனை அடிக்கும், மிளகாயின் காரம் மட்டும் போகாது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மற்றச் சரக்கெல்லாம் போய் வெறும் மிளகாய்ப்பொடிதான் மிஞ்சும்.

தயிர் சாதத்தின் மேல் தூவிக்கொண்டேன். அகத்தில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுல பெருங்காயம் போடலையா?" என்று கேட்டாள்.