எக்செலில் இன்னும் வாழும் இல்லாத நாள்

ஆசிரியர் நண்பர்களே, மாணவர் பெயர்ப்பட்டியலில் பிறந்த தேதியைத் தட்டும்போது எக்செல் அதைத் தன்போக்கில் மாற்றிவிடுவதைப் பார்த்திருப்பீங்க. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

நாம் எழுதும் தேதியை எக்செல் ஓர் எண்ணாகத்தான் சேமிக்கிறது. 1900 ஜனவரி 1-க்கு எண் 1. அதிலிருந்து நாளுக்கு ஒன்றாகக் கூடும். 2015 ஏப்ரல் 3-க்கு 42097. கட்டத்தில் தெரியும் தேதி அந்த எண்ணுக்குப் போட்ட சட்டைதான். வடிவமைப்பை மாற்றினால் சட்டை மாறும், எண் மாறாது.

1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளும் இப்படித்தான் நாள்களை எண்ணியது. ஆனால் அது 1900-ஐ லீப் ஆண்டாகக் கணக்கிட்டது. 100-ஆல் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு, 1900 வகுபடாது. 1987-இல் விண்டோஸுக்கு வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று அந்தப் பிழையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் ஒரு கட்டத்தில் 60 என்று எழுதித் தேதியாக மாற்றிப் பாருங்க, 29 பிப்ரவரி 1900 என்று வரும். அப்படி ஒரு நாளே இருந்ததில்லை!

அது பழைய நாள், நமக்குப் பாதிப்பில்லை. நமக்குத் தொல்லை தருவது வேறு. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், நீங்க 3/4/2015 என்று எழுதும் ஏப்ரல் குழந்தை மார்ச் 4-இல் பிறந்ததாகிவிடும், எண் 42067. எச்சரிக்கை எதுவும் வராது. 25/4/2015 என்றால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாதே, அதனால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே பத்தியில் பாதி எண், பாதி எழுத்து. வயது வரிசை தப்பாகும். பிறகு வடிவமைப்பை மாற்றினாலும் திருந்தாது.

விஞ்ஞானிகளும் இதில் மாட்டியவர்கள்தான். 'செப்ட்1' என்ற மரபணுப் பெயரை எக்செல் செப்டம்பர் 1 ஆக்கிவிடும். கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, அதன் பெயரையே 'செப்டின்1' என்று மாற்றியதை 2020-இல் அறிவித்தது.

நாம் பிள்ளைகளின் பிறந்தநாளை மாற்ற முடியுமா? 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரம் சொல்வதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2015-04-03 என்று எழுதுங்க. பழைய பட்டியலில் சில தேதிகள் கட்டத்தின் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால், பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடுங்க.