கழி ஊன்றியவர்கள்

உப்புநீரில் ஃப்ளை தூண்டில் போட்ட வரலாற்றைப் பலரும் 1947இல் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு ஜோ புரூக்ஸ் என்ற எழுத்தாளர் அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகளில், இறகும் நூலும் கட்டிய 'ஃப்ளை' முள்ளை வீசி, போன்ஃபிஷ் என்ற மீனைப் பிடித்தார். அதைப் பற்றி எழுதினார், 1950இல் புத்தகமும் போட்டார். பெயர் அவருக்குப் போயிற்று. அன்று அவருடைய படகைக் கழி ஊன்றித் தள்ளி, மீனைக் கண்டு சொன்னவர் ஜிம்மி ஆல்பிரைட் என்ற வழிகாட்டி. மயாமியிலிருந்து ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அந்தத் தீவுகளுக்குப் போகிறவன் நான். இந்தக் கதையை வழிகாட்டி நிற்கும் படகின் பின்பக்கத்திலிருந்து சொல்வதே நியாயம் என்பது என் கட்சி.

கதை புரூக்ஸுக்கு முன்பே தொடங்குகிறது. 1935 செப்டம்பரில் அடித்த புயல், அந்தத் தீவுகளிலுள்ள ஐலமொராடா என்ற ஊரைத் துடைத்துப் போட்டது. நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் முதல் உலகப் போரில் சண்டையிட்டு வந்த முன்னாள் படைவீரர்கள். வேலையில்லாத காலத்தில் சாலை போடும் பணிக்காக அரசு அவர்களை அங்கே முகாம்களில் தங்கவைத்திருந்தது. 1912இல் தீவுகளின் கடைக்கோடியான கீ வெஸ்ட் வரை போய்ச் சேர்ந்த ரயில்பாதையும் அத்தோடு முடிந்தது. அந்த ரயில் பாலங்களின் மேலேயே தார்ச்சாலை போட்டு 1938இல் திறந்தார்கள். கார் வந்தது, காரில் தூண்டில்காரர்கள் வந்தார்கள். தீவில் இருந்தவர்களுக்கு அது பிழைப்பாயிற்று.

மறு ஆண்டே, 1939இல், பில் ஸ்மித் என்ற ஐலமொராடா வழிகாட்டி ஃப்ளையால் ஒரு போன்ஃபிஷைப் பிடித்துக் காட்டினார். அதற்கு முன் தற்செயலாக மாட்டிய மீன்கள் உண்டு. வேண்டுமென்றே தேடிப்போய்ப் பிடித்ததில் முதல் ஆள் என்று அவரையே சொல்கிறார்கள். புரூக்ஸுக்கு எட்டு ஆண்டு முந்தியவர்.

இது ஏன் பெரிய காரியம் என்றால், போன்ஃபிஷ் அப்படிப்பட்ட மீன். ஓதம் ஏறும்போது முழங்காலளவு நீருக்கு வந்து, தலையைக் கவிழ்த்து மணலைக் கிளறி நண்டும் இறாலும் தின்னும். வால் மட்டும் நீருக்கு மேலே மினுங்கும். மற்ற நேரத்தில் அதன் வெள்ளிச் செதில் கீழே உள்ள மணலின் நிறத்தையே திருப்பிக் காட்டுவதால், கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. நிழல் விழுந்தால் போதும், ஓடிவிடும். மோட்டாரை அணைத்துவிட்டு நீண்ட கழியால் ஓசைப்படாமல் படகை நகர்த்த வேண்டும். கழி பாறையில் பட்டு 'டக்' என்றாலே கதை முடிந்தது. படகின் மூக்கைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு, "பதினொரு மணி, நாற்பது அடி" என்று வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொல்வார். நான் அந்தத் திசையில் பார்ப்பேன்; வெறும் தண்ணீர்தான் தெரியும். அவர் சொன்ன இடத்தில் வீசி, நூலைச் சிறிது சிறிதாக இழுத்தால் மீன் கடிக்கும். அந்த மீனைப் பிடித்தது நான் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் கழியைப் பெண்களும் பிடித்தார்கள். பானி, ஃபிராங்கி, பியூலா என்ற லெய்ட்லா குடும்பத்து அக்கா தங்கைகள் மூவருமே ஐலமொராடாவில் வழிகாட்டிகள். பானி பில் ஸ்மித்தை மணந்தவர். ஃபிராங்கி ஜிம்மி ஆல்பிரைட்டை மணந்தவர். கணவன்மார் பெயரை ஒட்டி இவர்களை அறிமுகப்படுத்துவது எனக்கு உறுத்துகிறது. வெயிலிலும் எதிர்க்காற்றிலும் ஆளோடு படகை நாள் முழுக்கத் தள்ளுவதும், கலங்கிய வெளிச்சத்தில் மீனின் அசைவைப் பிடிப்பதும் அவர்கள் சொந்தமாகச் சம்பாதித்த திறமை. தடித்த நூலையும் மெல்லிய நூலையும் சேர்க்க ஜிம்மி போட்ட முடிச்சு 'ஆல்பிரைட் முடிச்சு' என்று உலகெங்கும் புழங்குகிறது. ஃபிராங்கி, பெல் மேத்தர்ஸ் என்ற பெண்ணோடு சேர்ந்து உருவாக்கிய போன்ஃபிஷ் ஃப்ளை ஒன்று உண்டு, பெயர் 'ஃபிராங்கி-பெல்'. முடிச்சை அறிந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஃப்ளையைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

பிறகு, பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் ஐலமொராடாவில் வீடு வாங்கிக் குடியேற, ஊர் பிரபலமாயிற்று. 1970களில் பில் கர்டிஸ் என்ற வழிகாட்டி படகின் பின்புறம், மோட்டாருக்கு மேலே, நின்று தள்ள ஒரு மேடை அமைத்தார். உயரத்திலிருந்து பார்ப்பதால் மீன் தொலைவிலேயே தெரிந்தது. இன்று இத்தகைய படகுகள் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த மேடை இருக்கிறது. அதுவும் ஒரு வழிகாட்டியின் மூளைதான்.

மீன்தான் குறைந்துகொண்டு வருகிறது. 2010 ஜனவரிக் குளிரில் ஏராளமாகச் செத்து மிதந்தன. 2013 முதல் புளோரிடாவில் போன்ஃபிஷைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அங்கே போகும் வாசகர்களிடம் நான் கேட்பது இரண்டு. மீனை வெளியே தூக்காமல் நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். துவண்ட மீனைச் சுறா விடாது. படம் எடுத்தால், கீழே உங்கள் பெயரோடு கழி ஊன்றியவர் பெயரையும் எழுதுங்கள்.