பாம்பன் பாலமும் பழைய பெயிண்டும்

1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் சில காலம் பெயிண்ட் வேலைக்கு நான் மேற்பார்வை. உப்புக்காற்றில் இரும்புக்குப் பெயிண்ட்தான் கவசம்.

பழைய பூச்சு கெட்டியாகப் பிடித்திருந்தால் அதைத் தொடக் கூடாது. துரு ஏறிய இடத்தை மட்டும் இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உலர்ந்தபின் பிரைமரும் மேல்பூச்சும் அடிக்க வேண்டும்.

ஒருமுறை அவசரத்தில் கழுவாமலே அடிக்கச் சொல்லிவிட்டேன். சில மாதங்களில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, உள்ளே துரு.

"உப்பை உள்ள வச்சுப் பூட்டிட்டோம் ஐயா" என்றார் வயதான பெயிண்டர் ஒருவர். தப்பு என்னுடையது, அவர் அப்படிச் சொல்லவில்லை.

2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025-இல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டது. பழையது 108 ஆண்டுகள் உழைத்ததில், சாரத்தில் தொங்கிச் சுரண்டிப் பூசியவர்களுக்கும் பங்குண்டு.